எட்டு வார வளர்ப்பு

ஆவுடையப்பனின் முதுகில் யாரோ குடியேறியிருந்தார்கள். பத்தாவது எலும்புக்கும் பதினொன்றாவது எலும்புக்கும் நடுவில் என்று படத்தைப் பார்த்த டாக்டர் சொன்னார். வந்து நாலு மாதமாவது இருக்கும் என்றும் சொன்னார்.

ஆவுடையப்பன் டவுன் பஸ் டிரைவர். பதினேழாம் நம்பர் பஸ். இருபத்தொரு வருஷமாக இடது காலால் கிளட்சையும் வலது காலால் பிரேக்கையும் மிதித்து, ஊரை ஏற்றிக்கொண்டுபோய் ஊருக்குள்ளேயே இறக்கிவிட்டவர். டிரைவருக்கு முதுகு வலிப்பது செய்தியே அல்ல. அதனால் முதல் மூன்று மாதம் தைலம் தேய்த்துக்கொண்டார். சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது. சட்டை தொளதொளத்தது. தெருமுனை டாக்டர் பச்சையும் மஞ்சளுமாக மாத்திரைகள் கொடுத்தார். பிறகு ஒருநாள் கிளட்சை மிதித்தார். மிதித்தது தெரியவில்லை. குனிந்து பார்த்தார். கால் கிளட்சின் மேல்தான் இருந்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கண்டக்டர் தோளைப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்.

டாக்டர் நிறைகுளத்தான் நல்ல மனிதர். முதுகு வைத்தியத்தில் அவருக்குப் பெரிய பெயர். நோயாளிகளின் முகம் அவருக்குத் தெரியாது. அவர் வரும்போதெல்லாம் அவர்கள் குப்புறப் படுத்திருந்தார்கள்.

“ஆள் யாருன்னு தெரியணும்,” என்றார். “தெரியாம மருந்து குடுத்தா அது வேற யாருக்கோ போய்ச் சேரும்.”

சும்மா ஏதாவது ஒன்றைக் கொடுத்துப் பார்க்கலாமே என்று ஆவுடையப்பன் தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார். தெருமுனை டாக்டர் அப்படிக் கொடுத்துத்தான் ஆள் தலைமறைவாகிவிட்டான் என்றார் டாக்டர். பிறகு நீளமான ஊசி ஒன்றை அந்த இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் இறக்கி ஒரு சொட்டு எடுத்தார். ஊசி போனபோது உள்ளே யாரோ நகர்ந்து இடம் விட்டதை ஆவுடையப்பன் உணர்ந்தார். அதை டாக்டரிடம் சொல்லவில்லை. சொல்வதற்குள் அவர் அடுத்த முதுகுக்குப் போய்விட்டார்.

அந்தச் சொட்டை வளர்ப்புக்கு அனுப்ப வேண்டும். முன்பெல்லாம் இதற்குக் ‘கல்ச்சர்’ என்று எழுதுவார்கள். படிவங்கள் எல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபின், ஒரு குழு உட்கார்ந்து டீ குடித்து ‘வளர்ப்பு’ என்று முடிவு செய்தது. நல்ல சொல்தான். குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே ஒரு வளர்ப்புப் பிரிவு இருந்தது. பெற்றவர்கள் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைத் தகுந்த இடம் பார்த்து வளர்க்கக் கொடுக்கும் அலுவலகம் அது. ஆக, இரண்டு கதவுகளில் ஒரே பலகை தொங்கியது. வார்டு ஊழியர் சுடலைமுத்து இரண்டையும் பார்த்தார். ஒன்றில் கூட்டம் நின்றது. கூட்டமில்லாத கதவில் சொட்டு இருந்த புட்டியைக் கொடுத்துவிட்டு வந்து சாப்பிடப் போனார்.

மறுநாள் ஒப்புகைச் சீட்டு வந்தது. ‘வரவு ஒன்று. எடை ஒரு சொட்டு. நலம்’ என்று எழுதியிருந்தது. டாக்டர் அதை இரண்டு பக்கமும் பார்த்தார்.

“எங்க வளந்தா என்ன. வளந்தா சரி.”

எட்டு வாரம் ஆகும் என்றார்கள். எட்டு வாரம் முடியாமல் அதனிடம் பெயர் கேட்கக் கூடாது என்பது அந்தப் பிரிவின் விதி. ஆய்வுக்கூடத்திலும் எட்டு வாரம்தான் என்பதால் டாக்டருக்கு ஆட்சேபணை இல்லை. அதுவரை ஆவுடையப்பன் அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

டாக்டர் தினமும் காலையில் ஒரு குண்டூசியோடு வந்தார். பாதத்திலிருந்து மேலே குத்திக்கொண்டே போவார். எந்த இடத்தில் ஆவுடையப்பன் ‘ஆ’ என்றாரோ அங்கே நீல மைப் பேனாவால் ஒரு கோடு போடுவார். முதல் கோடு கணுக்காலில் விழுந்தது. மூன்றாம் வாரம் முழங்காலுக்கு வந்தது. பழைய கோடுகளை அழிக்கவில்லை. ஆற்றுப் பாலத்துத் தூணில் வெள்ளம் வந்த வருஷங்களைக் குறித்து வைத்திருப்பார்களே, கால் அப்படி ஆகிவிட்டது.

“கோடு நெஞ்சுக்கு வந்தா என்ன ஆகும் சார்?” என்று ஒருநாள் கேட்டார்.

“மூச்சு,” என்றார் டாக்டர். பேனாவை மூடி சட்டைப்பையில் செருகினார்.

ஆவுடையப்பனுக்குப் பயமாக இருந்தது. பயம் கோட்டுக்கு மேலேதான் இருந்தது. கோட்டுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

அவருடைய மனைவி சங்கரவடிவு பகலெல்லாம் பக்கத்திலேயே இருந்தாள். திருமணமாகிப் பத்தொன்பது வருஷம். பிள்ளை இல்லை. போகாத டாக்டர் இல்லை, சுற்றாத கோவில் இல்லை. பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்லையே என்று சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் அவள் காதுபடவே பேசினார்கள். பிறகு அவர்களுக்கும் அலுத்துவிட்டது. வடிவுக்கு மட்டும் அலுக்கவில்லை.

இரண்டாம் வாரம் வளர்ப்புப் பிரிவிலிருந்து ஆள் வந்தது. காப்பாளர் என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஆவுடையப்பன் எழுந்திருக்கக் கூடாது என்பதால் வடிவு போனாள். அரை மணியில் வருவதாகச் சொன்னவள் மூன்று மணி நேரம் கழித்து வந்தாள். வராந்தா நேற்றைவிட இன்று நீளமாக இருக்கிறது என்றாள். எவ்வளவு நீளம் என்று கேட்டார். ஆறு ஸ்டாப் இருக்கும் என்றாள். டிரைவர் பெண்டாட்டி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார்.

அங்கே ரெஜினாள் என்ற அம்மாள் பொறுப்பில் இருந்தாராம். உறவு என்ன என்று கேட்டாராம். என் வீட்டுக்காரர் முதுகில் இருந்தது என்று வடிவு சொல்லியிருக்கிறாள். அப்படியானால் ரத்த சொந்தம் என்று ரெஜினாள் எழுதிக்கொண்டார். பெயர் என்ற இடத்தில் ‘பின்னர்’ என்று போட்டார். பிறகு ஒரு கண்ணாடிக் குப்பியைக் காட்டினார். அடியில் கடுகளவு ஒன்று இருந்தது.

“நம்ம பக்கம் திரும்பிப் பாத்துதுங்க,” என்றாள் வடிவு.

“கண்ணு இருக்கா?”

“இல்ல. ஆனாப் பாத்துது.”

அது முட்டைதான் தின்னும் என்று சொல்லியனுப்பினார்கள். ஆய்வுக்கூடத்தில் வளர்த்தாலும் அதற்கு முட்டைதான் கொடுப்பார்களாம். வடிவு மறுநாளிலிருந்து சின்ன டப்பாவில் ஒரு முட்டை அவித்துக்கொண்டு போனாள். வராந்தா நாளுக்கு நாள் நீண்டது. ஒன்பது ஸ்டாப் ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. அவள் கொஞ்சமும் சலித்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்து, இன்று மஞ்சள் கருவை முதலில் தின்றது, இன்று குப்பியிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தார்கள், இன்று தட்டு போதவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நிறம் எப்படி என்று அவர் கேட்டார். தவிட்டு நிறம் என்றாள். மேனி சொரசொரவென்று காலிபிளவர் மாதிரி இருக்கிறது என்றாள். என் அப்பா வழியில் எல்லாருக்கும் அந்த நிறம்தான் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

வடிவு சந்தோஷமாக இருந்தாள். அவளை அப்படிப் பார்த்து நெடுநாள் ஆகியிருந்தது. ஆவுடையப்பனுக்கு அதில் பொறாமையும் வந்தது, நிம்மதியும் வந்தது. எது முதலில் வந்தது என்று பிரித்துப் பார்க்க அவர் விரும்பவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஐசக் சார் இருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவருக்கும் முதுகுதான். அவர் முதுகைத் திறந்து, சீழை வடித்து, இரண்டு கம்பியும் ஆறு திருகாணியும் வைத்தார்கள். அது போதாமல் இன்னும் நாலு கம்பி வைத்தார்கள். இனி முதுகு எந்தக் காலத்திலும் வளையாது என்று டாக்டர் மகிழ்ச்சியோடு சொன்னார். நாலாம் வாரம் ஐசக் சார் சாப்பிடுவதை நிறுத்தினார். ஐந்தாம் வாரம் அவருக்குச் சக்கரம் முளைத்தது. மறுநாள் அவர் மேல் மெத்தை விரித்து, காலொடிந்த ஒருவரைக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். ஐசக் சாரின் மனைவி வழக்கம்போல் இட்லி கொண்டுவந்து கால்மாட்டுக் கம்பியில் மாட்டிவிட்டுப் போனார். காலொடிந்தவர் அதைச் சாப்பிட்டார்.

கோடு அன்றைக்கு இடுப்பில் இருந்தது.

ஆறாம் வாரம் ரெஜினாள் ஒரு டார்ச் விளக்கோடு வார்டுக்கே வந்தார். பிறந்த இடத்தைப் பார்வையிட வேண்டும் என்றார். அது விதி. வளர்ந்த பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கலாமா கூடாதா என்று இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஆவுடையப்பனைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். ரெஜினாள் விரல் முட்டியால் பத்தாவது எலும்பைத் தட்டினார். ஆவுடையப்பன் அலறினார். ரெஜினாள் காதை வைத்துக் கேட்டார்.

“உள்ள ஆள் இருக்கு,” என்றார். “ரெண்டு அறைக்கும் நடுவுல இருந்த சுவர் எங்க?”

“தெரியலம்மா.”

“ஓதம் எப்ப இருந்து இருக்கு?”

“ஒரு அஞ்சாறு மாசமா.”

சுவர் விழுந்துவிட்டது, ஓதம் ஏறி ஈரமாக இருக்கிறது, தரை சரிந்திருக்கிறது, குழந்தை வளர லாயக்கில்லாத இடம் என்று ரெஜினாள் எழுதினார். படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். இருபத்தொரு வருஷம் ஒரு விபத்துகூட இல்லாமல் வண்டி ஓட்டியவருக்கு அது அவமானமாக இருந்தது. தன் முதுகைப் பற்றி இதுவரை யாரும் குறை சொன்னதில்லை என்று முனகினார். பிள்ளை காப்பாளரிடமே இருக்கட்டும் என்று ரெஜினாள் வடிவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். வடிவு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு டாக்டர் வடிவுக்கு எல்லாவற்றையும் விளக்கினார். எட்டாம் வாரம் அது தன் பெயரைச் சொல்லும். பெயர் தெரிந்தால் மருந்து தெரிந்துவிடும். மருந்தை முதலில் அதன்மேல் போட்டுப் பார்ப்பார்கள். அது அடங்கிவிட்டால், அதே மருந்தை இவருக்குப் போடுவார்கள். இவர் முதுகில் இருப்பவர்களும் அடங்குவார்கள். கோடு இறங்கும். இவர் நடந்தே வீட்டுக்குப் போகலாம்.

“அடங்குறதுன்னா?” என்று வடிவு கேட்டாள்.

“அடங்குறதுதான்மா.”

வடிவு தலையாட்டினாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. ஏன் என்று ஆவுடையப்பன் கேட்டார். பசியில்லை என்றாள். மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பழைய சேலையைக் கொண்டுவந்து, அவர் கால்மாட்டில் உட்கார்ந்து சின்னதாக ஒரு சட்டை தைத்தாள். அளவு எடுக்கவில்லை. அளவு அவளுக்குத் தெரிந்திருந்தது.

எட்டாம் வாரம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது அதை அவரிடம் கூட்டி வந்தாள். அது நடந்தே வந்தது. பதினாலு ஸ்டாப் தூரம். முக்காலியில் உட்கார்ந்தது. முதுகு நேராக இருந்தது. சேலைச் சட்டை போட்டிருந்தது. வடிவு வெந்நீர் பிடிக்கப் போனாள். இருவரும் தனியாக இருந்தார்கள்.

“வலிச்சுதாப்பா?” என்று அது கேட்டது.

“எது?”

“நான் இருந்தது.”

“வலிச்சுது.”

அது முக்காலியை அவர் பக்கமாக நகர்த்தியது.

“எனக்குத் தெரியாது. பஸ் ஓடுதுன்னு நெனச்சேன்.”

ஆவுடையப்பனுக்கு அதன்மேல் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று அவருக்கே தோன்றியது. ரயில்வே கேட்டில் அவர் பிரேக் போடும் விதம் தனக்குப் பிடிக்கும் என்று அது சொன்னது. இதுவரை அதை யாரும் அவரிடம் சொன்னதில்லை. உள்ளே இன்னும் எத்தனை பேர் என்று அவர் கேட்டார். எண்ண முடியாது என்றது. எல்லாருக்கும் பெயர் ஒன்றுதானா என்று கேட்டார். ஒன்றுதான் என்றது.

“உனக்குத் தெரியுமா அந்தப் பேரு?”

“தெரியும். யாரும் கேக்கல.”

அப்போதே கேட்டிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் இன்னும் இரண்டு நாள் இருந்தது. பச்சை விளக்கு விழாமல் அவர் ஒருநாளும் வண்டியை எடுத்ததில்லை. அதனால் கேட்கவில்லை. அது எழுந்து வந்து அவருடைய கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிடித்தது அவருக்குத் தெரியவில்லை. பார்த்துத் தெரிந்துகொண்டார்.

எட்டாம் வாரம் முடிந்த அன்று காலை பத்து மணிக்கு எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். டாக்டர் மருந்துச் சீட்டோடு வந்திருந்தார். வந்ததும் குண்டூசியால் குத்திப் பார்த்தார். கோடு சட்டையின் இரண்டாவது பொத்தானில் விழுந்தது. ஆவுடையப்பனுக்குப் பேச்சு இரண்டு இரண்டு சொல்லாகத்தான் வந்தது. ரெஜினாள் படிவத்தைப் பிரித்து, ‘பின்னர்’ என்று எழுதியிருந்த இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றார். பிள்ளை முக்காலியில் உட்கார்ந்திருந்தது. வடிவு அதன் பின்னால் நின்றாள். வழக்கமான டப்பாவைக் கொண்டு வரவில்லை. பெரிய தூக்குச்சட்டி ஒன்றைக் கையில் வைத்திருந்தாள்.

ஆவுடையப்பன் அவளைப் பார்த்தார். அவள் பிள்ளையின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேக்கலாமா?” என்றார் டாக்டர்.

“கேக்கலாம்,” என்றார் ரெஜினாள். “எட்டு வாரம் ஆயிட்டு.”

டாக்டர் குனிந்தார். முதல்முறையாக ஒரு முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். அவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

“உன் பேர் என்ன?”

பிள்ளை ஆவுடையப்பனைத் திரும்பிப் பார்த்தது. சொல்லட்டுமா என்று அது கேட்பது அவருக்குப் புரிந்தது.

“சொல்லு,” என்றார். “சொல்லும்மா.” அதை ‘அம்மா’ என்று கூப்பிட்டது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அது வாயைத் திறந்தது. வடிவு தூக்குச்சட்டியிலிருந்து ஒரு முட்டையை எடுத்து அந்த வாயில் வைத்தாள்.

“சாப்பிடும்போது பேசக் கூடாது,” என்றாள்.

பிள்ளை வாயை மூடிக்கொண்டு மென்றது. சத்தம் வராமல் மென்றது. நல்ல வளர்ப்பு என்று சொல்லி ரெஜினாள் அதைப் படிவத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். வாயில் தீனியோடு இருக்கும் பிள்ளையிடம் பேச்சுக் கொடுப்பது அழகில்லை என்று அவருக்கும் தெரியும்.

அது விழுங்கியது. மறுபடி வாயைத் திறந்தது. வடிவு இன்னொரு முட்டையை வைத்தாள்.

“வடிவு,” என்றார் ஆவுடையப்பன்.

அவள் தூக்குச்சட்டிக்குள் கையை விட்டாள்.

“வடிவு. எனக்கு. மூச்சு.”

“தெரியுதுங்க,” என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. “பிள்ளை பசியா இருக்கு. கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க.”

பத்தொன்பது வருஷத்தில் அவள் அவரிடம் எதையும் கேட்டதில்லை. அவருக்கு அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. தலையைக் கொஞ்சம் தூக்கித் தூக்குச்சட்டிக்குள் பார்த்தார். விளிம்பு வரை முட்டை இருந்தது. எல்லாம் ஓடு உரித்து, உப்புத் தடவி, பக்குவமாக அடுக்கியிருந்தாள். எத்தனை இருக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்பினார். மேலேயிருந்து ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார். பதினாலு வரை எண்ணினார். அதற்கு மேல் எண்ண மூச்சு வரவில்லை.